உப்பு நிலத்துக்கு வழி காட்டுமா புகையிலைச் செடி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே வந்தால், காலாப்பட்டைத் தாண்டியதும் வருவது கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதைச் சுற்றியுள்ள கோயில் காடும் இந்த ஊரின் அடையாளம். இங்கிருந்து மரக்காணம் வரை சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, தர்பூசணி, ஏரிப் பாசன நெல் என்று மாறி மாறி வரும். மரக்காணத்தை நெருங்கினால் உப்பளங்களும் கழுவெளியும்தான்.

இது புகையிலை விளையும் பகுதி அல்ல. புகையிலை பயிரிடுங்கள் என்று சொல்வதற்காகவும் இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் அந்தப் பயிரிலிருந்து விவசாயிகளை வேறு பயிர்களுக்கு மாற்றுவதுதான் இன்றைய தேவை. ஆனாலும் உப்பு ஏறிய கழனி வைத்திருக்கும் நீங்கள் புகையிலைச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் ஒன்று உண்டு. "உப்பைத் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு" என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அந்தச் சோதனைகளில் பல முதலில் நடப்பது நெல்லில் அல்ல, புகையிலைச் செடியில்தான். அந்தச் செய்தியில் எதை நம்பலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், வரும் பட்டத்தில் தவறான முடிவு எடுக்காமல் தப்பிக்கலாம்.

விஞ்ஞானிகளுக்கு ஏன் இந்தச் செடி?

மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன் வெள்ளெலியில் சோதிப்பார்கள். செடிகளில் அந்த வெள்ளெலி வேலையைச் செய்வது புகையிலை. இலையில் ஒரு சிறு துண்டை வெட்டி ஊட்டக் கூழில் வைத்தால் அதிலிருந்தே முழுச் செடி வந்துவிடும். வேறொரு செடியின் மரபணுவை அதற்குள் செலுத்துவதும் மற்ற பயிர்களைவிட எளிது. விதை மிகப் பொடி. ஒரு கிராமில் சுமார் 10,000 விதைகளுக்கு மேல் இருக்கும். ஒரே செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் நாற்று எடுத்துச் சோதிக்கலாம். 1983-ல் உலகின் முதல் மரபணு மாற்றச் செடிகள் உருவானபோது அவற்றில் புகையிலையும் இருந்தது.

இந்தச் செடியால் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பயன் கிடைத்துவிட்டது. திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கி நட்டிருக்கிறீர்களா? அந்தக் கன்றுகளை ஆய்வகத்தில் வளர்க்கப் பெரும்பாலும் பயன்படும் ஊட்டக் கலவையை முராஷிகி, ஸ்கூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1962-ல் வெளியிட்டார்கள். புகையிலைத் திசுவை வேகமாக வளர்க்க அவர்கள் தேடிக் கண்ட கலவை அது. புகையிலைக்காகச் செய்த வேலை வாழைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

அலையாத்தி, சலிகார்னியா, காட்டு நெல்

உப்பளத்து ஓரங்களில் உமரி தானாக முளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் வெண்கண்டல் மரம் கடல் நீரிலேயே நிற்கும். அதன் இலையைத் தடவிப் பார்த்தால் உப்பு கையில் ஒட்டும். நம் நெல்லைக் கருக்கும் உப்பில் இவை மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

மூன்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலாவது, உள்ளே வந்த உப்பை மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் திசுவறையின் ஒரு பகுதியில் அடைத்துவைப்பது. வீட்டில் நெல்லைக் குதிரில் கொட்டி மூடி வைப்பதுபோல. இரண்டாவது, வெளியே உப்பு இருந்தாலும் வேர் தண்ணீரை இழுத்துக்கொள்ள உதவும் சர்க்கரை போன்ற பொருட்களைச் செடியே உற்பத்தி செய்வது. மூன்றாவது, உப்பின் தாக்கத்தால் செடிக்குள் உண்டாகும் நச்சுப் பொருட்களை உடனுக்குடன் சுத்தம் செய்வது. வெண்கண்டல் இவை போதாதென்று இலை வழியாகவும் உப்பை வெளியே தள்ளிவிடுகிறது.

இந்த வேலைகளுக்குக் காரணமான மரபணுக்களை இந்தியப் பொது ஆய்வு நிறுவனங்கள் தேடி எடுத்தன. கொல்கத்தா போஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கழிமுகச் சேற்றில் வளரும் போர்டரேசியா என்ற காட்டு நெல் வகையிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் புகையிலையில் வைத்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் புகையிலைச் செடிகள் லிட்டருக்கு ஏறக்குறைய 12 முதல் 18 கிராம் வரை உப்புள்ள கரைசலில் உயிரோடு வளர்ந்தன. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதாவது கடல் நீரில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பைத் தாங்கின. ஆனால் உப்பில்லாத நிலையில் இருந்த செடியோடு ஒப்பிட்டால், சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் திறன் 40 முதல் 80 சதவீதம்தான் மிஞ்சியது. செடி பிழைத்ததே தவிர முழு வேகத்தில் வளரவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

குஜராத் பாவ்நகரில் 1954 முதல் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், சலிகார்னியாவை எடுத்துக்கொண்டது. உப்பு நிலத்தில் கணுக்கணுவாகச் சதைப்பற்றுள்ள தண்டோடு வளரும் செடி இது. அதன் மரபணு ஒன்றைப் புகையிலையில் வைத்து, உப்பைத் தாங்கும் திறன் கூடுவதை 2012-ல் காட்டினார்கள். சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டல் மரபணுக்களை வரிசைப்படுத்தியது. அவற்றில் ஒன்றைப் பாசுமதி நெல்லில் வைத்துப் பார்த்த முடிவு 2008-ல் வந்தது. நாம் வெட்டி வெட்டி ஓய்ந்துபோன வேலிக்காத்தானைக்கூட அவர்கள் விடவில்லை. அதன் மரபணு ஒன்று புகையிலைக்கு வறட்சி தாங்கும் திறன் கொடுத்ததை 2010-ல் வெளியிட்டார்கள்.

அதே செடி, கம்பெனியின் கேள்வி

புகையிலையில் ஆய்வு செய்தது பொது நிறுவனங்கள் மட்டுமல்ல. உலகிலேயே அரசு விஞ்ஞானமும் தொழில் துறையும் நீண்ட காலம் கைகோத்து வேலை செய்த பயிர்களில் இதுவும் ஒன்று.

நம் நாட்டில் 1912-லேயே இந்தியன் லீஃப் டொபாக்கோ டெவலப்மென்ட் கம்பெனி தொடங்கப்பட்டது. அரசுத் தரப்பில் 1947-ல் ராஜமுந்திரியில் மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. அடுத்த ஆண்டே திண்டுக்கல் அருகே வேடசந்தூரில் மெல்லும் புகையிலைக்காக அதன் கிளை வந்தது. 1976-ல் குண்டூரில் புகையிலை வாரியம் அமைந்தது. ரகம், நோய் எதிர்ப்பு, உர அளவு, இலை பதப்படுத்துதல் ஆகியவற்றில் ஆராய்ச்சி நிலையம், வாரியம், வாங்கும் கம்பெனி ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. வாங்குபவர் பக்கத்திலேயே இருந்ததால், கண்டுபிடித்தது விவசாயியிடம் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. இது இந்தக் கூட்டின் நல்ல பக்கம்.

ஆனால் அந்த ஆய்வு உப்பை எப்படிப் பார்த்தது என்று கவனியுங்கள். சிகரெட் இலையில் குளோரைடு கூடினால் இலை சரியாக எரியாது, விலை போகாது. அதனால்தான் சிகரெட் புகையிலைக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போடாதே, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடு என்று பரிந்துரை செய்கிறார்கள். உப்புத் தண்ணீர் உள்ள நிலமே வேண்டாம் என்பதுதான் அங்கே விடை. கம்பெனிக்கு அது சரியான விடை. வேறு நல்ல நிலத்துக்குப் போய்விடலாம். கீழ்புத்துப்பட்டுக்காரர் தன் நிலத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2000-களின் தொடக்கத்தில் பிலிப் மோரிஸ் கம்பெனி, வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்துக்கு 1.76 கோடி டாலர் கொடுத்துப் புகையிலையின் மரபணுக்களை ஆராயச் சொன்னது. நிக்கோட்டின் வேறொரு பொருளாக மாறி, பிறகு புற்றுநோய் உண்டாக்கும் நச்சாகிறது. அந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணுவைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2005-ல் அடையாளம் காட்டினார்கள். அந்த மாற்றம் குறைந்த விதைகளை உருவாக்க அது உதவியது. நல்ல விஞ்ஞானம்தான். ஆனால் அது சிகரெட் கம்பெனியின் கேள்விக்கான விடை.

கம்பெனி ஆய்வால் பொதுப் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014-ல் பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனலின் விஞ்ஞானிகள் புகையிலையின் மரபணுத் தொகுப்பை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். உப்பு ஆய்வு செய்யும் பொது விஞ்ஞானிக்கும் அது உதவும்.

அதே நேரம் யார் பணம் போடுகிறார்கள் என்பது பின்னால் வந்து நிற்கும். கனடாவில் மெடிகாகோ என்ற கம்பெனி, புகையிலையின் உறவுக்காரச் செடியில் கோவிட் தடுப்பூசி தயாரித்து 2022-ல் கனடா அரசின் ஒப்புதலும் வாங்கியது. அதில் சிகரெட் கம்பெனிக்குப் பங்கு இருந்ததால் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை. 2023-ல் அந்தக் கம்பெனியையே மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது.

தொட்டியில் பிழைத்தது கழனியில் விளையுமா?

புகையிலை நாற்று உப்பைத் தாங்கியது என்றால், அந்த மரபணு வேலை செய்கிறது என்று அர்த்தம். நெல் மூட்டை கிடைக்கும் என்று அர்த்தம் அல்ல. ஆய்வகத்தில் உப்பின் அளவு ஒரே சீராக இருக்கும். உங்கள் கழனியில் மழைக்குப் பிறகு ஒரு அளவு, பங்குனி வெயிலில் வேறு அளவு. ஒரே கழனியில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம். நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் உப்புக்கு அதிகம் பயப்படும். புகையிலையில் நாம் இலையைப் பார்க்கிறோம், நெல்லில் மணியைப் பார்க்க வேண்டும். அதனால் புகையிலையிலிருந்து நெல்லுக்கு, கண்ணாடிக் கூடத்திலிருந்து வயலுக்கு என ஒவ்வொரு படியிலும் பல ஆண்டுகள் பிடிக்கும். பல மரபணுக்கள் வழியிலேயே நின்றுவிடும். அனுமதியும் ஒரு பெரிய படி. இந்தியாவில் இன்று விவசாயிகள் சாகுபடி செய்யச் சட்டப்படி அனுமதி உள்ள மரபணு மாற்றுப் பயிர் 2002-ல் வந்த பருத்தி மட்டுமே.

வேறு வழிகளும் நடந்துகொண்டிருக்கின்றன. கேரளத்தின் பொக்காளி நெல்லில் உள்ள உப்பு தாங்கும் பண்பை, வேறு செடியின் மரபணு எதையும் நுழைக்காமல், பழைய முறை ஒட்டு சேர்த்தலிலேயே குறிப்பான்களின் துணையோடு மற்ற ரகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். 2025 மே மாதம் மத்திய அரசு, மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றில் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று சொல்லப்பட்டது. இவற்றில் எதுவாக இருந்தாலும் நம் கடலோரத்தில், நம் பட்டத்தில் சோதித்துப் பார்த்த முடிவைக் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

விதை யாருடையதாக இருக்கும்?

நாளைக்கு ஒரு பொது நிறுவனமும் ஒரு கம்பெனியும் சேர்ந்து உப்பு தாங்கும் விதை கொண்டுவந்தால், மூன்று விஷயங்களைத் தெரிந்துவைத்திருங்கள்.

ஒன்று, 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். பதிவு செய்யப்பட்ட ரகமாக இருந்தாலும் அறுவடையிலிருந்து விதை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, பக்கத்து விவசாயியோடு மாற்றிக்கொள்ள, விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கம்பெனிப் பெயர் போட்ட பையில் அடைத்து விற்கத்தான் கூடாது. 2019-ல் உருளைக்கிழங்கு ரகம் ஒன்றுக்காக பெப்சிகோ குஜராத் விவசாயிகள் மீது வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. உரிமை தெரியாவிட்டால் நோட்டீஸ் வந்தவுடனேயே பயந்துவிடுவோம்.

இரண்டு, அதே சட்டத்தில் இழப்பீடும் இருக்கிறது. பதிவு பெற்ற ரகம் எந்த நிலைமையில் என்ன விளைச்சல் தரும் என்பதை விற்பவர் சொல்ல வேண்டும். சொன்னபடி விளையாவிட்டால் சட்டப்படியான ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம். அதற்கு பில், விதைப் பை, அதிலுள்ள அட்டை மூன்றையும் அறுவடை முடியும் வரை பத்திரமாக வையுங்கள்.

மூன்று, 2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம். ஊராட்சி தோறும் ஒரு மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது அது. உப்பு தாங்கும் மரபணுக்கள் வந்தது கம்பெனியின் அலமாரியிலிருந்து அல்ல, கடலோரத்து ஊர்களின் செடிகளிலிருந்து. உங்கள் ஊர் உப்பளத்து ஓரச் செடிகளும், கோயில் காட்டுச் செடிகளும், குழியடிச்சான், களர்பாலை போன்ற பழைய நெல் ரகங்கள் யாரிடமாவது இருந்தால் அவையும் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். பயனில் பங்கு கேட்க அந்தப் பதிவு உதவும்.

காத்திருக்காமல் இந்தப் பட்டத்தில் செய்யக்கூடியவை

புது விதை வரும்போது வரட்டும். கையில் உள்ளதை முதலில் செய்வோம்.

• மண்ணையும் கிணற்று நீரையும் ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், சோதனைக்குக் கொடுங்கள். முடிவில் மின்கடத்தும் திறனையும் கார அமில நிலையையும் பாருங்கள். மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியமும் கூடியிருந்தால் களர் நிலம்.

• இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. கடல் உப்பு ஏறிய வெறும் உவர் நிலத்தில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டால் காசுதான் போகும். அங்கே நல்ல தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வடிப்பதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வரப்பை உயர்த்தி, வடிகாலைத் தூர்வாரி வையுங்கள்.

• மல்லாட்டை போடுபவர்கள் கவனிக்க வேண்டும். மண்ணின் மின்கடத்தும் திறன் 3.2 வரை மல்லாட்டை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 29 சதவீத மகசூல் குறையும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. நெல்லுக்கு எல்லை 3, அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் சுமார் 12 சதவீதம் குறையும்.

• நெல்லில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை உப்பு, களர் பாதித்த நிலங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ரகங்கள். இவை வழக்கமான முறையில் உருவானவை. விதை எடுத்து வைக்கலாம். உவர் நிலத்தில் இளம் நாற்றைவிட முற்றிய நாற்றை நெருக்கமாக நடுவது நல்லது.

• நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் மடக்கி உழுங்கள். உப்பு நிலத்திலும் அது வளரும், மண்ணையும் இளக்கும்.

• கோடையில் நிலத்தை மொட்டையாக விடாதீர்கள். வெயில் கீழிருக்கும் உப்பை மேலே இழுத்துவிடும். மூடாக்கு அல்லது ஏதாவது ஒரு பயிர் இருக்கட்டும்.

• ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கும் முன் யோசியுங்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் உள்ள நல்ல நீர் ஒரு அடி இறங்கினால், அடியில் உள்ள உப்பு நீரின் எல்லை 40 அடி வரை மேலே ஏறக்கூடும். ஏரி, குளம், தாங்கல்களில் மழை நீரைத் தேக்குவதுதான் கடலைத் தள்ளிவைக்கும் வேலி.

மண், நீர் சோதனைக்கும் ரகத் தேர்வுக்கும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

களத்தில் பணிபுரியும் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "உப்பு தாங்கும் விதை வந்துவிட்டது" என்று யார் வந்து சொன்னாலும் விவசாயியிடம் அப்படியே கொண்டுபோகாதீர்கள். எந்தச் செடியில் சோதித்தார்கள்? எவ்வளவு உப்பில்? எந்த மாவட்டத்துக் கழனியில், எத்தனை பட்டம்? பணம் போட்டது யார்? விதை எடுத்து வைக்கலாமா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை வாங்கிய பிறகு ஊருக்குள் போங்கள். விடை இல்லாத விதைக்கு ஒரு சென்ட் நிலத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். முழுக் கழனியையும் கொடுக்க வேண்டாம்.